டெனோன் 7.2 றிசீவரில ஹோலுக்கும் விறாந்தைக்கும் பாட்டு: சோன் 2, வயரின்ர தடிப்பு, 120 வோல்ற் பிரச்சினை

#1 கோண்டாவில்சந்தி
வணக்கம் எல்லாருக்கும். சாமான் டெனோன் 7.2 றிசீவர் (றேடியோவும் அம்பிளிஃபையரும், அதாவது அம்ப்பும், சேர்ந்த பெட்டி), கனடாவில இருந்து வந்தது. பின்பக்கத்தில 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ், 500 வொற் எண்டு போட்டிருக்கு. ஹோலில 5.1 (அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு பேஸ் பெட்டியும்) பூட்டவேணும், அதோட முன் விறாந்தையிலயும் ரெண்டு ஸ்பீக்கர் பாடவேணும். ஹோல் ஸ்பீக்கர் எல்லாம் 8 ஓம், விறாந்தைக்கு இருக்கிற சோடி 6 ஓம். வயர் போற வழியைச் சுவரோட அளந்தால் ஒரு ஸ்பீக்கருக்கு 14 மீற்றர், மற்றதுக்கு 17 மீற்றர்.

ஹோலின்ர முன் ஸ்பீக்கர் முனையிலயே விறாந்தைச் சோடியையும் சேர்த்து முறுக்கலாமோ? ஹோலில ரிவி ஓடேக்க விறாந்தையில றேடியோ மட்டும் கேக்க ஏலுமோ? வயர் என்ன தடிப்பில வேணும்?

#2 சுண்ணாகம்230
முதல்ல கரண்டைப் பாப்பம், பாட்டு பிறகு.

120 வோல்ற் பெட்டியை எங்கட 230க்கு நேர கொழுவினால், அதிஷ்டம் இருந்தால் பியூஸ் போகும். இல்லாட்டி உள்ளுக்கிருக்கிற ரான்ஸ்போமரின்ர முதல் சுத்து எரியும். லண்டன், பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் பெட்டி எண்டால் 230தான், பிளக்கை மட்டும் மாத்தினால் காணும். கனடா, அமெரிக்காப் பெட்டிக்கு 230ஐக் குறைச்சுக் குடுக்கிற ஸ்ரெப்-டவுன் ரான்ஸ்போமர் வேணும். சில பெட்டியில பின்பக்கம் வோல்ற் மாத்துற சுவிட்ச் இருக்கும், ஒருக்கா வடிவாப் பாருங்கோ.

ரான்ஸ்போமர் அளவு 1000 விஏ (வோல்ற்-அம்பியர், அது தாங்கிற அளவு) எடுங்கோ. பின்னால இருக்கிற 500 வொற் ஒரு சோதனை நிலையில அளந்தது, எல்லா சனலும் ஒண்டா உச்சத்துக்குப் போனால் அதுக்கு மேலயும் இழுக்கும். கடையில 1000 எண்டு ஒட்டியிருக்கிறது எல்லாம் 1000 இல்லை, தூக்கிப் பாருங்கோ. ரெண்டு சுத்தும் தனித்தனியாச் சுத்தின 1000 விஏ ரான்ஸ்போமர் பத்துக் கிலோ அளவில நிக்கும். ஒரு கையில லேசா வந்தால் அது வேற சாமான்.

அந்தத் 'தனித்தனி' முக்கியம். மலிவா வாறது ஓட்டோ ரான்ஸ்போமர், ஒரே சுத்தில நடுவில இருந்து இழுத்து எடுக்கிறது. அதில கீழ்ப்பக்கச் சுத்து அறுந்தால் மேல் 230ம் அப்பிடியே றிசீவருக்குப் போகும். கண்டுபிடிக்கிறது லேசு: சுவரில இருந்து கழட்டிப்போட்டு மல்ரிமீற்றரை ஓமில வைச்சு, உள்வரும் பிளக்கின்ர முள்ளு ஒவ்வொண்டுக்கும் வெளிப்போகும் சொக்கற்றின்ர ஓட்டை ஒவ்வொண்டுக்கும் இடையில பாருங்கோ. ஏர்த் முள்ளை விட்டுவிடுங்கோ. எங்கயாவது குறைஞ்ச ஓம் காட்டினால் ஓட்டோ. எங்கயும் காட்டாட்டித் தனிச்சுத்து.

வெளிவாற வோல்ற் 120ஐ விட 110 நல்லம். 60 ஹேர்ட்ஸுக்குக் கணக்குப் பண்ணின இரும்பை 50 ஹேர்ட்ஸில ஓட்டேக்க, அதே 120 வோல்ற்றுக்கு இரும்பில காந்தப்புலம் 20 வீதம் கூடும், சூடாகும், உறுமும். 110 எண்டால் கூடுறது 10 வீதம்தான். எங்கட லைன் 230க்கு 6 வீதம் மேலயும் போகலாம், 244 வந்தாலும் 230க்கு 110 ரான்ஸ்போமர் 117க்குக் கிட்டத்தான் குடுக்கும். அது காணும்.

#3 செப்புக்கம்பி
முதல் கேள்விக்கு: முறுக்காதேங்கோ தம்பி.

8ம் 6ம் சமாந்தரமாப் போனால் 8×6÷14, அதாவது 3.4 ஓம். அதுவும் பெட்டியில எழுதியிருக்கிற பெயரளவு. தரத்தின்படி ஸ்பீக்கரின்ர உண்மையான ஓம் சில அதிர்வெண்ணில பெயரளவின்ர 80 வீதம் வரை இறங்கலாம். ரெண்டும் ஒரே இடத்தில இறங்கினால் 2.7 ஓம். றிசீவரின்ர பின்பக்கம் 4 தொடக்கம் 16 ஓம் எண்டு இருக்கும், சிலதில 6 தொடக்கம். கதைக்கிற சத்தத்தில பாடேக்க ஒண்டும் நடக்காது, அதாலதான் 'எங்கட வீட்டில உப்பிடித்தான் கிடக்கு, ஒண்டும் நடக்கேல்லை' எண்டு ஆக்கள் சொல்லுறது. பிறந்தநாள் விழாவுக்குக் கூட்டி வைச்சு ரெண்டு மணித்தியாலம் ஓடட்டும், பிறகு தெரியும்.

#4 விறாந்தைவானொலி
அப்ப தொடராப் போட்டால்? 8 + 6 = 14 ஓம். அம்ப்புக்குச் சுகம்தானே.

#5 செப்புக்கம்பி
அம்ப்புக்குச் சுகம், காதுக்கு இல்லை. தொடரில வோல்ற் ஓம் விகிதப்படி பிரியும். ஸ்பீக்கரின்ர ஓம் ஒரே அளவா நிக்கிறதில்லை, பேஸ் பக்கம் ஒரு இடத்தில 30 ஓமுக்கும் ஏறும், நடுவில 6க்கு இறங்கும். ரெண்டு வேற வேற ஸ்பீக்கர் தொடரில நிண்டால் ஒண்டின்ர ஏற்ற இறக்கம் மற்றதின்ர சத்தத்தை இழுக்கும். விறாந்தையில ஒரு வயர் அறுந்தால் ஹோலும் ஊமை. தனியா நிப்பாட்டவும் ஏலாது. ஒரே மாதிரி ரெண்டு ஸ்பீக்கர், எப்பவும் சேர்ந்து பாடவேணும் எண்டால் மட்டும் அது ஒரு வழி.

#6 பழையபெட்டி
ஏ, பி எண்டு ரெண்டு சோடி ஸ்பீக்கர் முனை இருக்கிற ஸ்ரீரியோ றிசீவர் வைச்சிருக்கிறவைக்கும் சேர்த்துச் சொல்லுறன், இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

அனேகமான பெட்டியில ஏயும் பியும் சேர்த்து அமத்தினால் சமாந்தரம். பின்பக்க எழுத்தை வாசியுங்கோ: ஏ அல்லது பி தனிய எண்டால் குறைஞ்சது 4 ஓம், ஏயும் பியும் எண்டால் ஒவ்வொண்டும் குறைஞ்சது 8 ஓம் எண்ட மாதிரி இருக்கும். சிலதில தனிய 8, சேர்த்தால் 16 எண்டும் கிடக்கும். அந்த 16க்கு வீட்டு ஸ்பீக்கர் கிடைக்கிறது அரிது, அதனால அந்தப் பெட்டிகளில ஏயோ பியோ ஒண்டு மட்டும்.

சில பழைய பெட்டி சேர்த்து அமத்தினால் தொடராக்கும். அறியிற வழி: பி முனையில ஒண்டும் கொழுவாமல் ரெண்டு பொத்தானையும் அமத்துங்கோ. ஏயும் பாடாமல் நிண்டால் தொடர். 'பழுதாப் போச்சு' எண்டு திருத்தக் கொண்டுவாற பெட்டியில சிலது உந்தக் கோளாறுதான், பொத்தானை எடுத்துவிட்டால் சரி.

ஏ/பியில ரெண்டு இடத்திலயும் ஒரே பாட்டு, ஒரே சத்தக் குமிழ். விறாந்தையில தனியாக் குறைக்க வேணுமெண்டால் சுவரில பூட்டுற ஸ்பீக்கர் வொலியூம் கொன்ற்றோல், உள்ளுக்கு ரான்ஸ்போமர் இருக்கிற வகை, வாங்கவேணும். அதில 1, 2, 4 மடங்கு எண்டு ஒரு ஜம்பர் இருக்கும், அம்ப்புக்குத் தெரியிற ஓமை அது கூட்டும். ஃபான் றெகுலேற்றரைப் பூட்ட யோசிக்கிறவையும் இருக்கினம், வேண்டாம்.

#7 சோன்ரெண்டு
கோண்டாவில்சந்திக்கு உதொண்டும் தேவையில்லை. 7.2 எண்டால் உள்ளுக்கு ஏழு அம்ப் சனல். ஹோலுக்கு அஞ்சு, மிச்சம் ரெண்டு சும்மா கிடக்கு. அந்த ரெண்டையும் விறாந்தைக்குக் குடுக்கிறதுதான் சோன் 2. ஒவ்வொரு சனலுக்கும் ஒரு ஸ்பீக்கர்தான், ஆனபடியால் 6 ஓம் பிரச்சினை இல்லை. இன்புற்றும் வேற, சத்தமும் வேற. ரெண்டாவது கேள்விக்கு மறுமொழி ஓம், ஏலும்.

செய்யிற ஒழுங்கு:

பிளக்கைச் சுவரில இருந்து கழட்டுங்கோ. பின்பக்கம் சறவுண்ட் பக் எண்ட முனைகளுக்குக் கீழ சோன் 2 எண்டும் எழுதியிருக்கும், விறாந்தை வயர் அதிலதான். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.

பிறகு கரண்ற் போட்டு, ரிவித் திரையில செற்றப் மெனு → ஸ்பீக்கர்ஸ் → மனுவல் செற்றப் → அம்ப் அசைன் → அசைன் மோட், அதில சோன் 2. இதைச் செய்யாட்டி முனையில வயர் இருந்தும் சத்தம் வராது. ஆக்கள் கூடத் தடக்குப்படுறது இந்த இடத்திலதான்.

ஓடியோ திருத்தத்துக்கு மைக் வைச்சு அளக்கிறதெண்டால் அம்ப் அசைன் மாத்தினதுக்குப் பிறகு அளவுங்கோ. அது ஹோலுக்கு மட்டும்தான், சோன் 2ஐத் தொடாது.

றிமோட்டில மெயின், சோன் 2 எண்டு மாத்துற பொத்தான் இருக்கும். சோன் 2க்கு மாத்தி பவர், பிறகு ரியூனர் (றேடியோ), பிறகு சத்தம். முடிய மெயினுக்கு மாத்தி விடுங்கோ. இல்லாட்டி ஹோலில ரிவிச் சத்தத்தைக் கூட்டுறன் எண்டு விறாந்தையை அலற வைப்பியள்.

செற்றப் → ஜெனரல் → சோன் 2 செற்றப்புக்குள்ளயும் ஒருக்கா போங்கோ. பேஸ், ட்ரெபிள், சின்ன ஸ்பீக்கருக்குப் பேஸை வெட்டுற எச்பிஎஃப், மற்றது வொலியூம் லிமிற். விறாந்தை ஸ்பீக்கர் சின்னதெண்டால் எச்பிஎஃபை ஓனில விடுங்கோ. அங்க ஒரு ஸ்பீக்கர்தான் போடுறியள் எண்டால் சனலை மோனோ ஆக்குங்கோ, இல்லாட்டிப் பாட்டில பாதி கேக்காது.

யமஹாவில இதே வேலை ஸ்பீக்கர் → கொன்பிகறேசன் → பவர் அம்ப் அசைன். யமஹாவின்ர சில சின்னப் பெட்டியில சோன் பி எண்டு ஒண்டு இருக்கும், அது சோன் 2 இல்லை. ரெண்டு இடத்திலயும் ஒரே இன்புற்தான்.

#8 சுண்ணாகம்230
றேடியோ எண்டபடியால் ஒண்டு. வட அமெரிக்கப் பெட்டியின்ர எஃப்எம் 0.2 மெகாஹேர்ட்ஸ் படியில தாவும், தசமத்துக்குப் பிறகு ஒற்றை எண்ணிலதான் நிக்கும். எங்கட நிலையம் இரட்டை எண்ணில இருந்தால் பக்கத்துப் புள்ளியில நிண்டு கரகரக்கும். படியை மாத்துற வழி மனுவலில இருந்தால் மாத்துங்கோ. இல்லாட்டிச் சூரியனையோ சக்தியையோ இணைய றேடியோவில எடுக்கிறது நல்லம், சோன் 2க்கும் போகும். அங்கத்தைப் பெட்டி எஃப்எம்மில மேல் சத்தத்தையும் எங்கட முறையை விடக் கொஞ்சம் கூட வெட்டும், சத்தம் மங்கலா இருந்தால் ட்ரெபிளை ஒரு படி கூட்டினால் காணும்.

#9 கோண்டாவில்சந்தி
110 வோல்ற் தனிச்சுத்து ரான்ஸ்போமர் போட்டாச்சு, அம்ப் அசைன் மாத்தியாச்சு. தற்காலிக வயரில சோன் 2 றேடியோ பாடுது. ஆனா டிஷ் பெட்டியைச் சோன் 2க்குத் தெரிவு செய்தால் திரையில பெயர் வருது, சத்தம் இல்லை. ஹோலில அதே பெட்டி நல்லாப் பாடுது. அது எச்டிஎம்ஐயில கிடக்கு.

#10 சோன்ரெண்டு
எதிர்பாத்ததுதான். சின்ன மொடல்களில சோன் 2க்கு அனலொக் இன்புற், ரியூனர், நெற்வேர்க் மட்டும்தான் போகும். கொஞ்சம் மேல் மொடல்களில எச்டிஎம்ஐ, ஒப்ரிகலும் போகும், ஆனா வாறது 2 சனல் பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிற்றல் சத்தம்) ஆக இருக்கவேணும். டொல்பி (சத்தத்தைச் சுருக்கி அனுப்புற முறை) வந்தால் சோன் 2 வாயைத் திறக்காது. டொல்பியைப் பிரிக்கிற வேலை ஹோல் பக்கத்துக்கு மட்டும்தான் நடக்குது.

முதல்ல டிஷ் பெட்டியின்ர ஓடியோ செற்றிங்கில டொல்பியை எடுத்துப் பிசிஎம் அல்லது ஸ்ரீரியோ ஆக்குங்கோ. வந்தால் முடிஞ்சுது. வராட்டி எச்டிஎம்ஐயைக் கழட்டாமல், அதே பெட்டியின்ர பின்பக்கத்தில இருந்து சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ வயரையும் றிசீவருக்குக் கொழுவி, இன்புற் அசைனில அந்த அனலொக் முனையை அதே பெயருக்குக் குடுங்கோ. ஹோல் எச்டிஎம்ஐயில ஓடும், சோன் 2 அனலொக்கை எடுக்கும்.

மூண்டாவது வழி ஓல் சோன் ஸ்ரீரியோ. ஹோலில ஓடுறதை ரெண்டு சனலாக்கி விறாந்தைக்கும் அனுப்பும். கிரிக்கெற் மட்ச் நேரம் அது நல்லம், ஆனா ரெண்டு இடத்திலயும் ஒரே சாமான்தான்.

#11 செப்புக்கம்பி
இப்ப வயர். கூடினது 17 மீற்றர், போக வர 34 மீற்றர் கம்பி. வளையிற செப்பு வயருக்குக் கணக்கு இப்பிடி:

0.75 சதுர மிமீ: 0.88 ஓம், சத்தத்தில 1.2 டெசிபல் நட்டம்
1.5 சதுர மிமீ: 0.45 ஓம், 0.6 டெசிபல்
2.5 சதுர மிமீ: 0.27 ஓம், 0.4 டெசிபல்

வயரின்ர ஓம் ஸ்பீக்கரின்ர ஓமில 5 வீதத்துக்குள்ள நிக்கவேணும் எண்டது வழக்கமான அளவுகோல். 6 ஓமுக்கு 0.3. ஆனபடியால் 2.5 எடுத்தால் சரி. 1.5 போட்டாலும் உலகம் அழியாது, விறாந்தையில ஆரும் அரை டெசிபலைப் பிடிக்கமாட்டினம். 0.75 மட்டும் வேண்டாம். சத்தம் குறையிறது ஒரு பக்கம், ஸ்பீக்கரின்ர ஓம் ஏறி இறங்கிற இடமெல்லாம் சத்தமும் சேர்ந்து ஏறி இறங்கும். ஒரு பக்கம் 14, மற்றப் பக்கம் 17 எண்டதால ஒரு வித்தியாசமும் இல்லை, ரெண்டையும் 17 ஆக்கிச் சுருட்டி வைக்கத் தேவையில்லை.

வீட்டு வயரிங்குக்கு விக்கிற 7/0.67ம் ஆகும். ஏழு இழை, ஒவ்வொண்டும் 0.67 மிமீ, மொத்தம் 2.5 சதுர மிமீக்குக் கிட்ட. விறைப்பா இருக்கும், வளைவில கஷ்டம், ஆனா குழாய்க்குள்ள நேராப் போறதுக்கு நல்லாப் போகும். ரெண்டு நிறத்தில எடுங்கோ.

'ஸ்பீக்கர் வயர்' எண்டு பளபளப்பா விக்கிறதில கூடப் பாதி செப்புப் பூசின அலுமினியம். ஒரு இழையை எடுத்துக் கத்தியால சுரண்டுங்கோ: மேல செப்பு நிறம், உள்ள வெள்ளி நிறம் எண்டால் அலுமினியம். மேல வெள்ளி, உள்ள செப்பு எண்டால் வெள்ளீயம் பூசின செப்பு, அது நல்ல சாமான், கடற்கரைப் பக்கத்துக்கு அதுதான் வேணும். அலுமினிய வயரின்ர ஓம் ஒண்டரை மடங்குக்கு மேல, அதோட ரெண்டு தரம் வளைச்சால் முறியும்.

குழாய் 20 மிமீ காணும். கரண்ற் வயர் போற குழாய்க்குள்ள இதைப் போடாதேங்கோ. பக்கத்தால சமாந்தரமாப் போகவேணும் எண்டால் ஒரு அடி இடைவெளி, குறுக்க வெட்டவேணும் எண்டால் செங்கோணத்தில. ரெண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து 35 மீற்றர் இரட்டை வயர் (தனிக்கம்பி எண்டால் ஒவ்வொரு நிறத்திலயும் 35) வாங்குங்கோ, ரெண்டு அந்தத்திலயும் அரை மீற்றர் விட்டு வெட்டுங்கோ. அளவோட வெட்டினால் பிறகு றிசீவரை முன்னுக்கு இழுக்க ஏலாது.

#12 விறாந்தைவானொலி
ரெண்டு ஸ்பீக்கரின்ர கறுப்பையும் ஒரே கம்பியில கொண்டுவந்தால் மூண்டு கம்பியோட வேலை முடியுமே?

#13 பழையபெட்டி
சில பெட்டியில கறுப்பு எல்லாம் உள்ளுக்கு ஒரே தரை, அதில பாடும். சிலதில, குறிப்பா டிஜிற்றல் அம்ப் வகையில, கறுப்பிலயும் சத்த வோல்ற் நிக்கும். ரிபிஏ3116 சிப் போட்ட மலிவு அம்ப் பலகை எல்லாம் அந்த வகை. அதில ரெண்டு கறுப்பைச் சேர்த்தால் ஷோட். பெட்டி மாத்துற நாளில ஆருக்கும் அந்த மூண்டு கம்பி ஞாபகம் வராது. நாலு கம்பி போடுங்கோ.

#14 உப்புக்காத்து
விறாந்தை எண்டால் வெளி. பருத்தித்துறை, காங்கேசன்துறைப் பக்கம் செப்பு நுனி கறுத்துப் பச்சை பூக்க அதிக காலம் எடுக்காது, கோண்டாவிலில கொஞ்சம் மெதுவா. கறுத்த நுனியை முறுக்கி இறுக்கிறதில பிரயோசனம் இல்லை, ஒரு அங்குலம் வெட்டி எறிஞ்சு புதுசா உரியுங்கோ. அதுக்கும்தான் அந்த அரை மீற்றர்.

ஸ்பீக்கரைக் கூரைத் தாழ்வாரத்துக்குள்ள தள்ளி, கொஞ்சம் கீழ் நோக்கிச் சரிச்சுப் பூட்டுங்கோ. வாடைக் காத்து மழையைப் பக்கவாட்டில அடிக்கும், ஐப்பசி கார்த்திகையில விறாந்தைச் சுவரில ஈரம் எவ்வளவு உயரம் ஏறுதெண்டு பாத்து அதுக்கு மேல பூட்டவேணும். வயர் ஸ்பீக்கருக்கு நேர மேல இருந்து இறங்கக்கூடாது. ஒரு வளைவு கீழ தொங்கிப் பிறகு மேல ஏறிப் போகட்டும், தண்ணி வளைவில சொட்டிப் போயிடும்.

ஓட்டுக்குக் கீழ வயரைத் திறந்தபடி விட்டால் அணில் கடிக்கும். குழாய் எண்டால் முழுக்கக் குழாய், நடுவில விட்ட ஒரு அடியைத்தான் அது தேடிப் பிடிக்கும். றிசீவரின்ர மேல் ஓட்டையால பல்லியும் எறும்பும் போகும். சூடும் இருட்டும் அதுகளுக்குப் பிடிக்கும். பல்லி பவர் பலகையில ரெண்டு முனைக்குக் குறுக்க கிடந்து கருகினால் பெட்டி ஷோட்டாகிப் போயிடும். அதுக்காக மேல லேஸ் துணி போட்டு மூடாதேங்கோ, அப்ப சூட்டில போகும். ஓட்டைகளுக்கு மேல காத்துப் போற மெல்லிய நைலோன் வலையை ஒட்டி, பெட்டிக்கு மேல ஒரு அடி வெறுமையா விடுங்கோ. ஏழு சனலும் ஓடுற பெட்டி அஞ்சு சனல் ஓடுறதை விடச் சுடும் எண்டதையும் நினைவில வையுங்கோ.

#15 கோண்டாவில்சந்தி
2.5 செப்பு இழுத்தாச்சு, குழாய்க்குள்ள. இப்ப புதுப் பிரச்சினை: சோன் 2ஐப் போட்டால் உள்ள 'டக்' எண்டு ஒரு சத்தம், பெட்டி நிண்டு முன்னுக்குச் சிவப்பு லைற் கெதியாக் கெதியா மின்னுது. ஹோல் மட்டும் எண்டால் ஒண்டுமில்லை. அதோட, டிஷ் வயர் கொழுவியிருக்கேக்க ஹோலில மெல்லிய உறுமல் ஒண்டு.

#16 பழையபெட்டி
டெனோனில சிவப்பு லைற் அரைச் செக்கனுக்கு ஒருக்கா மின்னினால் ஸ்பீக்கர் வயர் ஷோட் அல்லது அம்ப் பழுது. ரெண்டு செக்கனுக்கு ஒருக்கா எண்டால் சூடு. உங்கட கெதி மின்னல், அதுவும் சோன் 2ல மட்டும், வயரைத்தான் காட்டுது. யமஹா எண்டால் திரையிலயே ஸ்பீக்கர் வயரைப் பார் எண்டு எழுதும்.

பிளக்கைக் கழட்டுங்கோ. சோன் 2 முனையில இருந்து நாலு கம்பியையும் எடுங்கோ. மல்ரிமீற்றரை 200 ஓமில வைச்சு ஒவ்வொரு சோடியையும் அளவுங்கோ. 6 ஓம் ஸ்பீக்கர் நேர்கரண்டில 4.5 தொடக்கம் 5.5க்குள்ள காட்டும், வயரோட சேர்த்து ஒரு 0.3 கூடும். 1க்குக் கீழ காட்டினால் ஷோட். அப்ப விறாந்தைப் பக்கம் ஸ்பீக்கரைக் கழட்டிப்போட்டுத் திரும்ப அளவுங்கோ. இப்பவும் 1க்குக் கீழ எண்டால் குழாய்க்குள்ள வயர் உரிஞ்சு போச்சு. மீற்றர் ஒண்டும் காட்டாட்டி வயர் நல்லம், ஸ்பீக்கர் முனையில தொடுது. இடதுக்கும் வலதுக்கும் இடையிலயும் ஒருக்கா பாருங்கோ, ரெண்டு பக்க ஸ்பீக்கரும் கழட்டின நிலையில அங்க எதுவும் காட்டக்கூடாது.

அனேகமாக் குழாய்க்குள்ள இருக்காது. றிசீவரின்ர முனைகள் ஒண்டோட ஒண்டு நெருங்கி இருக்கும், 2.5 வயரை நிறைய உரிச்சால் ஒரு தனி இழை மயிர் மாதிரி வெளியால நீட்டிப் பக்கத்து முனையைத் தொடும். ரோச் அடிச்சு கிட்டப் பாருங்கோ. 10 மிமீக்கு மேல உரிக்காதேங்கோ, உரிச்சதைக் கடிகாரச் சுத்தில முறுக்கி, நுனியில வெளிவாற இழையை வெட்டுங்கோ. வயர் நுனியில பூட்டி, முனையின்ர ஓட்டைக்குள்ள செருகிற பனானா பிளக் போட்டால் இந்தக் கரைச்சலே இல்லை. லண்டன் பக்கப் பெட்டியில அந்த ஓட்டையைப் பிளாஸ்ரிக் மூடியால அடைச்சிருப்பாங்கள், ஊசியால நெம்பினால் வரும். கனடாப் பெட்டியில அது திறந்தே இருக்கும்.

ஒண்டு கவனம்: ஷோட் இருக்கேக்க 'திரும்பிப் போட்டால் வருமோ' எண்டு மீண்டும் மீண்டும் போடவேண்டாம். காப்புச் சுற்று ஒவ்வொரு முறையும் காப்பாத்தும் எண்டு ஆரும் எழுதித் தரேல்லை.

#17 சுண்ணாகம்230
உறுமலுக்கு: டிஷ் வயரை டிஷ் பெட்டியில இருந்து திருகிக் கழட்டினால் நிக்குதோ பாருங்கோ. நிண்டால் தரைச் சுற்று. கூரையில டிஷ்ஷின்ர உலோகம் ஒரு பக்கத்தால தரையைத் தேடுது, வீட்டு ஏர்த் மற்றப் பக்கத்தால. 50 ஹேர்ட்ஸ் அந்த வளையத்துக்குள்ள ஓடி ஓடியோத் தரையில ஏறுது. டிஷ் பெட்டி, ரிவி, றிசீவரின்ர ரான்ஸ்போமர் எல்லாத்தையும் ஒரே சுவர் சொக்கற்றில இருந்து ஒரு நீட்டுப் பலகையால எடுங்கோ, பாதி வேளை அதோட போயிடும். போகாட்டி, அனலொக் ஆர்சிஏ வயரில வாற உறுமலுக்கு 1:1 ஓடியோ ரான்ஸ்போமர் ஒண்டு நடுவில போடலாம். ஏர்த் முள்ளை வெட்டுற வேலை மட்டும் வேண்டாம்.

இடி நேரத்தில றிசீவரைக் கழட்டுறவை டிஷ் வயரையும் றவுட்டர் வயரையும் விட்டுவிடுவினம். மின்னல் வாறது கூட அந்த வழியாலதான். சித்திரையிலயும் ஐப்பசி கார்த்திகையிலயும் பின்னேரம் இருண்டால் மூண்டையும் கழட்டுங்கோ.

#18 கோண்டாவில்சந்தி
இழைதான். வலது கறுப்பில ஒண்டு நீட்டிக்கொண்டு இருந்தது. வெட்டி பனானா பிளக் போட்டாச்சு, ரெண்டும் 5.3 ஓம் காட்டுது, சோன் 2 ஓடுது. ஒரே சொக்கற்றுக்கு மாத்தின பிறகு உறுமலும் இல்லை.

#19 தென்னங்காணி
இதோட சேர்ந்த கேள்வி. வளவுக்குள்ள பின்வீடு 45 மீற்றர் தள்ளி. அங்க கோயில் லவுட்ஸ்பீக்கர் வகை ஹோர்ன் ரெண்டு கிடக்கு, 100 வோல்ற் லைன் எண்டு எழுதியிருக்கு. சோன் 2ல நேர கொழுவலாமோ?

#20 செப்புக்கம்பி
நேர கொழுவினால் சத்தம் நல்லாக் குறைவா வரும், அவ்வளவுதான். அதுக்குள்ள ஒரு ரான்ஸ்போமர் இருக்கு. 10 வொற் முனையில 100 வோல்ற்றுக்கு 1000 ஓம். றிசீவர் குடுக்கிற 20, 25 வோல்ற் அதுக்குக் காணாது.

சரியான வழி: சோன் 2 பிரீஅவுட் (வேற அம்ப்புக்குச் சத்தத்தை வெளிய குடுக்கிறது) எண்டு ஆர்சிஏ முனை உங்கட பெட்டியில இருந்தால், அதில இருந்து 100 வோல்ற் அவுட்புற் இருக்கிற ஒரு பிஏ அம்ப்புக்கு (லவுட்ஸ்பீக்கர் அம்ப்) குடுங்கோ. பிஏ அம்ப் றிசீவருக்குப் பக்கத்தில நிக்கட்டும், நீட்டவேண்டியது ஸ்பீக்கர் லைனைத்தான். ஆர்சிஏயை 45 மீற்றர் இழுத்தால் வழியில இருக்கிற இரைச்சல் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு வரும். ரெண்டு ஹோர்ன் சமாந்தரமா 500 ஓம், 20 வொற், 0.2 அம்பியர்தான் ஓடும். 0.75 வயரில 90 மீற்றர் கம்பிக்கு 2.3 ஓம், 500க்கு முன்னால அது ஒரு கணக்கே இல்லை. தூரத்துக்கு மெல்லிய வயர் போதும் எண்டதுதான் 100 வோல்ற் முறையின்ர பிரயோசனம். ஆனா அந்த லைனைத் தொட்டால் அடிக்கும், மூட்டுகளை வடிவாக் காப்பிடுங்கோ. ஹோர்னில பேஸ் வராது, செய்தியும் நாதஸ்வரமும் கேக்கலாம்.

#21 கோண்டாவில்சந்தி
கடைசியா ரெண்டு. ஓல் சோன் ஸ்ரீரியோ இல்லாமல் ரெண்டு இடத்திலயும் ஒரே டிஷ் செய்தி போட்டால் வாசலடியில எதிரொலி மாதிரிக் கேக்குது. மற்றது, ஆரும் சோன் 2 சத்தத்தை முழுக்கக் கூட்டாமல் தடுக்கிறது எப்பிடி?

#22 சோன்ரெண்டு
எதிரொலிக்கு ரெண்டு காரணம். ஹோல் சத்தம் திருத்தச் சுற்றாலயும், படத்தோட உதட்டசைவைச் சரிக்கட்டுற தாமதத்தாலயும் கொஞ்சம் பிந்தும். சோன் 2க்கு அந்தத் தாமதம் இல்லை. ஹோலை டிறெக்ற் மோட்டில (சத்தத் திருத்தம் இல்லாத நிலை) போட்டு, ஓடியோ டிலேயைப் பூச்சியமாக்கி, ஓட்டோ லிப்சிங்கை நிப்பாட்டிப் பாருங்கோ. கன அளவு போயிடும். முழுக்கப் போகவேணும் எண்டால் ஓல் சோன் ஸ்ரீரியோதான். விறாந்தையில புளூரூத் ஸ்பீக்கர் வைச்சிருந்தால் தாமதம் இன்னும் மோசமா இருந்திருக்கும்.

மிச்சம் தூரம். எங்கட சூட்டில சத்தம் ஒரு மில்லிசெக்கனுக்கு 35 சதமமீற்றர் போகும். காதுக்குக் கிட்ட ஒரு ஸ்பீக்கரும் 14 மீற்றர் தள்ளி மற்றதும் ஒரே சத்தத்தில பாடினால் 40 மில்லிசெக்கன் இடைவெளி, அது எதிரொலியாத்தான் கேக்கும். எந்த மெனுவும் இதை மாத்தாது. விறாந்தை ஸ்பீக்கரை வாசலுக்கு முதுகு காட்டி வெளிப்பக்கம் திருப்பி, சத்தத்தை ஹோலை விடக் குறைச்சு வையுங்கோ.

சத்தத்துக்கு சோன் 2 செற்றப்பில வொலியூம் லிமிற் 60, 70, 80 எண்டு இருக்கும். சின்ன ஸ்பீக்கருக்கு 60ல வையுங்கோ. அதோட பவர் ஓன் லெவலை 35, 40 அளவில நிரந்தரமாக்கினால், முதல் நாள் ஆர் எவ்வளவு கூட்டி விட்டாலும் அடுத்த முறை போடேக்க அதிலதான் தொடங்கும்.